பட்டியலில் இல்லாத நஞ்சு: வங்கதேசத்து அடிகுழாய்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1983-ல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவராக இருந்த டாக்டர் கே.சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமங்களில் இருந்து சிலர் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போலப் புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போய், தடவினால் சொரசொரவென்று சின்னச் சின்ன முண்டுகளாகக் கையில் தட்டின. ஊர்ப்பக்கம் இதைத் தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கியவர்கள் உண்டு. சாஹா அதை ஆர்சனிக் நஞ்சு என்று அடையாளம் கண்டார். எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், அவர்கள் தினமும் குடித்த குழாய்க்கிணற்றுத் தண்ணீர். 1987-க்குள் எல்லைக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்தில் இருந்து வந்த நோயாளிகளையும் அவர் பார்த்துவிட்டார்.

வங்கதேசத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை தன் நாட்டு நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பதை உறுதிசெய்தது 1993-ல், சாப்பாய் நவாப்கஞ்ச் பகுதியில். நாடு தழுவி முறையாக மாதிரிகள் எடுத்து, எத்தனை பேர் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டது 1998, 1999-ல். சாஹாவின் முதல் நோயாளிகளில் இருந்து எண்ணினால் 15 வருடம். அந்த 15 வருடமும் புதுக் குழாய்கள் இறங்கிக்கொண்டே இருந்தன, ஜனங்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

சுற்றுச்சூழல் ஆபத்து மக்கள் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கும் என்று மதிப்பிடும் வேலையைப் பற்றிப் பேச எத்தனையோ சம்பவங்கள் இருந்தும் நான் இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே ஆலை முதலாளி யாரும் கழிவைக் கொட்டவில்லை, யாரும் மறைத்து வைக்கவில்லை, குழாய் போட்ட அத்தனை பேரும் குழந்தைகள் சாகக் கூடாது என்றுதான் போட்டார்கள். அப்படி இருந்தும் இது நடந்தது. அதனால்தான் எங்கே தவறியது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குளத்துத் தண்ணீரில் இருந்து குழாய்க்கு

அதுவரை வங்கதேசத்துக் கிராமங்களில் குளம்தான் எல்லாம். குளிப்பது, துவைப்பது, மாடு கழுவுவது, குடிப்பது. காலராவும் வயிற்றுப்போக்கும் வருடா வருடம் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயின. 1970-களில் யுனிசெஃப் துணையோடு அரசு குழாய்க்கிணறு போட ஆரம்பித்தது. சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள குழாயை மண்ணுக்குள் இறக்கி, மேலே ஒரு இரும்பு அடிபம்பு. வண்டல் மண் என்பதால் பாறை உடைக்கும் வேலை கிடையாது, ஆட்களே ஒன்றிரண்டு நாளில் இறக்கிவிடலாம். மண் வடிகட்டிய தண்ணீர், கிருமி இல்லை, குளிர்ச்சியாக இருக்கும், வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. 1980-களில் யுனிசெஃப் மெல்ல ஒதுங்கிக்கொள்ள, தனியார் கொத்தனார்களும் கடைக்காரர்களும் லட்சக்கணக்கில் போட்டார்கள், குடும்பங்கள் தங்கள் சொந்தக் காசில் போட்டுக்கொண்டன. 1990-களின் கடைசியில் நாட்டில் ஏறக்குறைய 1 கோடி குழாய்கள் இருந்ததாக மதிப்பீடு. 2000-க்குள் 80 சதவீத மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் என்ற இலக்கை முன்கூட்டியே தாண்டிவிட்டதாக 1997-ல் யுனிசெஃப் அறிவித்தது. குழந்தைச் சாவும் உண்மையிலேயே குறைந்தது: 1960-ல் பிறந்த ஆயிரத்தில் 151 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், 1996-ல் அது 83. அதற்குக் குழாய் மட்டுமே காரணம் இல்லை, தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் உண்டு. ஆனாலும் குழாயை வெறும் தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. இதை முதலில் சொல்லாமல் மேலே போனால் அந்தக் காலத்து மனிதர்களுக்கு அநியாயம் செய்ததாகும்.

சரி, அந்தத் தண்ணீரைச் சோதிக்கவே இல்லையா? கிருமியைச் சோதித்தார்கள், உப்பு, இரும்பு என்று வழக்கமானவற்றைப் பார்த்தார்கள். ஆர்சனிக் அந்த வழக்கமான பட்டியலிலேயே இல்லை. நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் அதே குடும்பத்து நஞ்சுதான். தண்ணீரில் கரைந்தால் நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியும் மாறாது. இரும்பு கூடுதலாக இருந்தால் வாளியில் செம்பழுப்புக் கறை படியும், யாருக்கும் தெரியும். ஆர்சனிக் எந்தத் தடயமும் விடாமல் உள்ளே போகும்.

யாருக்கும் தெரியாத விஷயமா அது?

இல்லை. இதுதான் மனதை அரிக்கும் இடம். தைவானின் தென்மேற்குக் கரையோரம் ஆழக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கால் விரல்கள் கறுத்து அழுகும் நோய் வந்ததும், அந்தக் கிணறுகளில் ஆர்சனிக் இருந்ததும், அளவு கூடக் கூடத் தோல் புற்றுநோய் கூடுவதும் 1960-களிலேயே ஆய்வாக வெளிவந்துவிட்டன. சிலியின் அந்தோஃபகாஸ்தா நகரத்துக்கு 1958-ல் புது ஆற்று நீர் கொண்டுவந்தார்கள், அதில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்). 1970-ல் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகுதான் குறைந்தது. அங்கேயும் குழந்தைகளின் தோலில் முதலில் தெரிந்தது. ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் உச்சத்துக்குப் போனது தண்ணீர் சுத்தமாகிப் பல வருடம் கழித்துத்தான். குடிப்பதை நிறுத்திய பிறகும் உடம்பு பழைய பாக்கியைக் கட்டிக்கொண்டே இருந்தது.

ஆக ஆர்சனிக் குடிநீரில் வரும் என்பதும், வந்தால் என்ன செய்யும் என்பதும் அறிவியலுக்குத் தெரியும். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா டெல்டாவில் அது இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். தைவானில் இருந்ததும் வேறு, சிலியில் இருந்ததும் வேறு, இங்கே சுரங்கமா எரிமலையா என்ன இருக்கிறது என்ற எண்ணம். அப்புறம்தான் வேதியியல் புரிந்தது. இமயமலையில் இருந்து ஆறுகள் அடித்துவரும் வண்டலில் இரும்புத் துருத்துகள்களோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் வருகிறது. ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த அந்தச் சேற்றில் மட்கிய செடிகொடிகளைத் தின்னும் நுண்ணுயிரிகள், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்தால் ஒட்டியிருந்த ஆர்சனிக் தண்ணீரில் விடுபடுகிறது. முதலில் கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதிகமாக நீர் இறைத்ததால் காற்று உள்ளே போய் கந்தகக் கனிமங்கள் சிதைந்ததுதான் காரணம் என்று கருதினார்கள். 1998-க்குப் பிறகு இந்தத் துரு கரையும் விளக்கமே நிலைத்தது. இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. எந்த ஆழத்தில், எந்த மண்ணில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பதை இந்த விளக்கம்தான் தீர்மானிக்கிறது. இளம் வண்டல் படிந்த மேல் அடுக்குகளில் ஆபத்து, அதற்குக் கீழே பழைய, துருவேறிய மணலில் பெரும்பாலும் இல்லை.

1992-ல் நடந்த ஒரு பரிசோதனை

இந்தக் கதையில் எல்லோரும் பேசும் ஒரு சம்பவம் உண்டு. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் 1992-ல் வங்கதேசத்தின் நடு, வடகிழக்குப் பகுதிகளில் பாசனக் குழாய்க்கிணறுகளின் நீரை ஆராய்ந்தது. 150 மாதிரிகள். பல தனிமங்களை அளந்தார்கள். ஆர்சனிக்கை அளக்கவில்லை. அறிக்கை வந்தது, படித்தவர்கள் தண்ணீரில் நச்சுப் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் பிற்பாடு வந்த குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்ட கிராமத்தினர் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கே போனார்கள். 2006-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த நிறுவனம் வங்கதேசக் குடிநீருக்குப் பொறுப்பு ஏற்றிருக்கவில்லை, மக்களுக்கும் அதற்கும் இடையே சட்டம் கேட்கும் நெருக்கமான உறவு இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம், அதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. பாசனத்துக்காகச் செய்த ஆய்வை வைத்துக் குடிநீர் நல்லது என்று முடிவுகட்டியது எழுதியவர்களின் தவறு மட்டும் இல்லைதான். ஆனால் ஒரு அறிக்கையைப் படிப்பவர் இடத்தில் நின்று யோசித்தால் இது முக்கியம். ஒரு பட்டியலில் பத்துப் பதினைந்து தனிமங்களும் அவற்றுக்கு எதிரே எண்களும் இருந்தால், படிப்பவர் கண்ணுக்கு அது முழுமையான பட்டியலாகவே தெரியும். அதில் எது விடுபட்டிருக்கிறது என்று கேட்க, விடுபட்டதைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் கல்கத்தாவில் ஒரு தோல் மருத்துவராக இருந்தார். அவர் கண்டது மருத்துவ இதழில் வந்தது, நீர்ப் பொறியாளர் மேசைக்குப் போகவில்லை. நோயைப் பார்ப்பவரும் தண்ணீரைப் பார்ப்பவரும் ஒரே அறையில் உட்காராததுதான் இந்த 15 வருடத்தின் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன். எல்லை வேறு நடுவில். ஆறுக்கும் வண்டலுக்கும் அந்த எல்லை தெரியாது, அலுவலகக் கோப்புகளுக்கு நன்றாகவே தெரியும்.

இதை உடைத்ததில் ஜாதவ்பூரின் தீபாங்கர் சக்ரவர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு. 1995-ல் கல்கத்தாவில் சர்வதேச மாநாடு கூட்டினார். ஊர் ஊராகத் தண்ணீர், முடி, நகம், சிறுநீர் மாதிரிகள் சேகரித்து அளந்து காட்டினார். தண்ணீரில் இருந்தால் மட்டும் போதாது, உடம்புக்குள் போயிருக்கிறது என்று காட்ட வேண்டும். நகமும் முடியும் அதற்குச் சாட்சி.

கணக்கு வந்தபோது

1998, 1999-ல் வங்கதேச அரசுத் துறையும் அதே பிரிட்டிஷ் நிறுவனமும் சேர்ந்து 64 மாவட்டங்களில் 61-ல் இருந்து 3,534 கிணறுகளின் நீரை எடுத்தார்கள். 150 மீட்டருக்குள் நிற்கும், அதாவது ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பைத் தாண்டின. உலக சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் வரம்பை வைத்துப் பார்த்தால் 46 சதவீதம். 150 மீட்டரைத் தாண்டி ஆழத்தில் போன கிணறுகளில் 50-ஐத் தாண்டியவை சுமார் 1 சதவீதம்தான். மக்கள்தொகையோடு பெருக்கினால் 50-க்கு மேல் குடிப்பவர்கள் சுமார் 3.5 கோடி, 10-க்கு மேல் சுமார் 5.7 கோடி. அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகை 12.5 கோடி.

2000-ல் ஆலன் ஸ்மித்தும் அவருடன் சேர்ந்தவர்களும் உலக சுகாதார நிறுவன இதழில் எழுதியபோது, ஒரு மக்கள்கூட்டம் நஞ்சூட்டப்பட்ட நிகழ்வுகளில் வரலாற்றிலேயே பெரியது இதுதான் என்றார்கள். போபாலையும் செர்னோபிலையும் விட. போபாலைத் தெரிந்த நமக்கு அந்த ஒப்பீடு சட்டென்று ஏற்காது. போபாலில் ஒரே இரவு. இங்கே ஒரு தம்ளர், அப்புறம் இன்னொரு தம்ளர், இருபது வருடம்.

50-ஆ 10-ஆ

இந்த இரண்டு எண்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும், ஏனென்றால் 2 கோடிக்கும் மேற்பட்ட மனிதர்கள் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறார்கள். 10 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? 10,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரித் தண்ணீரில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. 50 என்றால் அதே லாரியில் அரை கிராம். உலக சுகாதார நிறுவனம் 1958-ல் 200 என்றது, 1963-ல் 50, 1993-ல் 10. வங்கதேசம் 50-லேயே நின்றுவிட்டது.

10 என்றால் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்வதும் தவறு. புற்றுநோய் தரும் பொருள்களுக்கு அந்த நிறுவனம் வழக்கமாக வைக்கும் அளவுகோல், வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்பது. 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்கில் தோல் புற்றுநோய் மட்டுமே 10,000-ல் 6 பேர் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். கணக்குப் போட்டால் வழக்கமான வரம்பைப் போல 60 மடங்கு. பிறகு ஏன் 10? அதற்குக் கீழே அளப்பதும், அதற்குக் கீழே வடிகட்டுவதும் நடைமுறையில் கஷ்டம் என்பதால். அதனால்தான் அதைத் தற்காலிக வரம்பு என்று குறித்திருக்கிறார்கள். வரம்பு எண் என்பது உடம்பு மட்டும் சொன்ன எண் இல்லை. உடம்பு, கருவி, காசு மூன்றும் பேரம் பேசி வந்த எண். இதை ஜனங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. இந்த வரம்புகளுக்குப் பின்னால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிறார் என்ற கணக்கு இருக்கிறது. வைகாசி வெயிலில் நெல் வயலில் நிற்கும் ஒரு விவசாயி 2 லிட்டரோடு நிறுத்துவாரா? எடை 60 கிலோ இருக்குமா? சோறு வடிப்பது அதே தண்ணீரில், பருப்பு வேக வைப்பது அதில். கோடைப்போக நெல்லுக்குப் பாய்ச்சுவதும் அதே மாதிரி மேல் அடுக்குக் கிணற்று நீர், ஆகவே அரிசியிலும் ஆர்சனிக் ஏறுகிறது. தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு ஆபத்தை அளந்ததாகச் சொல்ல முடியாது.

சிவப்பும் பச்சையும்

அடுத்து அரசு செய்தது பெரிய காரியம். உலக வங்கி உதவியோடு 2000-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 50 லட்சம் குழாய்களைச் சோதித்தார்கள். 50-க்கு மேல் இருந்தால் குழாயின் மூக்கில் சிவப்புப் பெயின்ட், கீழே இருந்தால் பச்சை. சுமார் 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அறிவிப்பு. இதைவிட எளிமையான ஆபத்து அறிவிப்பை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சோதித்த கருவி ஒரு சின்னப் பெட்டி. தண்ணீரில் அமிலத்தையும் துத்தநாகத்தையும் போட்டால் ஆர்சனிக் வாயுவாகக் கிளம்பும், அது மேலே வைத்த தாளில் பட்டு மஞ்சளில் இருந்து பழுப்பு வரை நிறம் மாறும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணால் படிக்க வேண்டும். 300-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியும். 45-க்கும் 60-க்கும் தெரியாது, அதுவும் சாயங்கால வெளிச்சத்தில். வரம்புக்குப் பக்கத்தில் நிறைய குழாய்கள் தப்பான நிறம் வாங்கின என்று சக்ரவர்த்தியின் குழு பின்னால் சரிபார்த்துக் கடுமையாக எழுதியது. அது நியாயமான விமர்சனம். ஆனாலும் ஒன்று சொல்வேன்: ஆய்வகத்துக்கு 50 லட்சம் பாட்டில் அனுப்பி முடிவுக்குக் காத்திருந்தால் இன்னும் பத்து வருடம் போயிருக்கும். அவசரத்தில் தோராயமான பதில், நிதானத்தில் சரியான பதில், இரண்டில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தது சரி. பிறகு வரம்பை ஒட்டிய கிணறுகளை மறுபடி சோதிக்காமல் விட்டதுதான் தவறு.

ஒவ்வொரு குழாயையும் ஏன் சோதிக்க வேண்டும், ஊருக்கு நாலு மாதிரி போதாதா என்று தோன்றும். போதாது. பத்திருபது மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு குழாய்களில் ஒன்று மோசம், ஒன்று நல்லது என்பது அங்கே சர்வசாதாரணம். டாக்காவுக்குக் கிழக்கே அரைஹஜார் பகுதியில் 25 சதுர கிலோமீட்டரில் இருந்த சுமார் 6,000 குழாய்களையும் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அளந்தார்கள். ஏறக்குறைய பாதி 50-ஐத் தாண்டின. அதே நேரம், அங்கிருந்தவர்களில் 10-ல் 9 பேருக்கு 100 மீட்டருக்குள் ஒரு நல்ல குழாய் இருந்தது. சராசரி போட்டு ஊரையே மோசம் என்று எழுதியிருந்தால் இந்த இரண்டாவது உண்மை கண்ணில் பட்டிருக்காது. பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பக்கத்து வீடு. அங்கே பகை இருக்கலாம், நிலத்தகராறு இருக்கலாம், வெளியே அதிகம் போகாத பெண்கள்தான் தண்ணீர் பிடிப்பவர்கள். உடலில் புள்ளி தெரிந்துவிட்டால் ஒட்டுவாரொட்டி என்று பயந்து கிட்டவே விடாத வீடுகளும் உண்டு, அப்படிக் கல்யாணம் தடைப்பட்ட பெண்கள், கணவன் வீட்டில் இருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் கதையை அங்கே வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அரைஹஜாரில் மோசமான குழாய் வைத்திருந்தவர்களில் 58 சதவீதம் பேர் வேறு குழாய்க்கு மாறினார்கள். அங்கே கூட்டம் போட்டுப் பேசினார்கள், வீடு வீடாக விளக்கினார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் மாறியவர்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பெயின்ட் அடித்ததற்கும் வாளி இடம் மாறியதற்கும் நடுவில் இருந்தது பேச்சுதான்.

குழாயை மூடிவிட்டுப் பழையபடி குளத்துக்குப் போனால்? அதையும் யோசிக்க வேண்டியிருந்தது. நாளைய புற்றுநோய்க்குப் பயந்து இன்று குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன பயன். ஒரு ஆபத்தை மட்டும் தனியாக அளப்பவர் இந்த இடத்தில் எளிதாகத் தவறுவார். அதனால்தான் சிவப்புக் குழாயைப் பிடுங்கவில்லை. துவைக்க, குளிக்க வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேண்டாம் என்றார்கள். தோல் வழியாக ஆர்சனிக் அதிகம் ஏறாது என்பதால் அது சரியான அறிவுரை.

உடம்பு சொன்ன பதில்

அதே அரைஹஜாரில் 2000-ல் தொடங்கி 11,746 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொருவரும் எந்தக் குழாயில் குடித்தார், அதில் எவ்வளவு ஆர்சனிக், அவர் சிறுநீரில் எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் கணக்கு. 2009 தொடக்கம் வரை அவர்களில் 407 பேர் இறந்தார்கள். 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: மொத்தச் சாவுகளில் 21 சதவீதத்துக்கு மேல், 10 மைக்ரோகிராமைத் தாண்டிய தண்ணீரோடு தொடர்புடையவை. அதிகமாக நஞ்சு குடித்த கால்பங்குப் பேருக்கு, 10-க்குக் கீழே குடித்தவர்களைவிட இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதல். புற்றுநோயை மட்டும் பயந்துகொண்டிருந்தோம், இதய நோயும் இதில் சேர்ந்தது. 2012-ல் வந்த இன்னொரு மதிப்பீடு, நாட்டில் வருடத்துக்கு 43,000 பெரியவர்களின் சாவு வரை இதனால் இருக்கலாம் என்றது. அதில் 24,000 பேர் 50-க்கு மேல் குடித்தவர்கள், மீதி 19,000 வரை 10-க்கும் 50-க்கும் நடுவில் குடித்தவர்கள். அதாவது பச்சை பெயின்ட் அடித்த குழாயில் குடித்தவர்கள்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது கை நின்றுவிடுகிறது. 50 என்று வைத்தது அரசின் இயலாமையால், புரிகிறது. ஆனால் பச்சையைப் பார்த்து நிம்மதியாகக் குடித்த அம்மாவிடம் அந்த இயலாமையை யாரும் சொல்லவில்லை.

தீர்வு பக்கமும் ஆட்கள் இல்லாமல் இல்லை. குஷ்டியாவைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம், அமெரிக்காவில் பேராசிரியர், இரும்புத் துகளும் மணலும் கரியும் அடுக்கிய வாளிகளால் ஒரு வடிகட்டி செய்தார். சோனோ வடிகட்டி என்று பெயர். 2007-ல் அமெரிக்கப் பொறியியல் அகாதமி 10 லட்சம் டாலர் பரிசு கொடுத்தது. நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் எந்த வடிகட்டியையும் பராமரிக்க ஆள் வேண்டும். நிலையான தீர்வாக நின்றது 150 மீட்டருக்குக் கீழே இறங்கும் ஆழ்குழாய். அதைத் தனிக்குடும்பம் போட முடியாது, அரசுதான் போட வேண்டும். எங்கே போடுவது? 2016-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு விசாரித்து எழுதியது: புது அரசுக் குழாய்களில் பாதியின் இடத்தை நாடாளுமன்ற உறுப்பினர் சொல்லலாம் என்ற நடைமுறையால், நஞ்சு அதிகமான ஊருக்குப் போக வேண்டிய குழாய்கள் வேண்டியவர் வீட்டு வாசலில் இறங்கின. அப்போதும் சுமார் 2 கோடிப் பேர் 50-க்கு மேற்பட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊருக்கு முதலில் வேண்டும் என்று சொல்லும் வரைபடம் கையில் இருந்தும், அதைப் பிரித்துப் பார்க்காமல் இடம் குறித்தார்கள்.

நம் பக்கம்

ஆர்சனிக் தமிழ்நாட்டின் பெரிய பிரச்சினை இல்லை, இங்கே மண் வேறு, பாறை வேறு. நமக்கு அந்த இடத்தில் ஃப்ளோரைடு இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல் காவிபடிந்து, எலும்பு வளைந்து வாழ்ந்த தலைமுறைகளுக்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரில் ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. அங்கேயும் நிறம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது, அங்கேயும் முதலில் பார்த்தது பல்லைப் பார்த்தவர்கள்தான்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு லேபில் கொடுத்தபோது ஒரு பக்கத் தாள் வந்தது. கடினத்தன்மை, டிடிஎஸ், குளோரைடு, இரும்பு, பிஎச், கீழே "குடிக்க உகந்தது" என்று முத்திரை. ஃப்ளோரைடு இல்லை. கேட்டதற்கு, அது இந்தப் பேக்கேஜில் வராது, தனியாகக் காசு கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினேன், வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் முதல் தாளில் அந்த முத்திரையைக் குத்தியவர் எதை வைத்துக் குத்தினார் என்ற கேள்வி எனக்கு இன்னும் போகவில்லை. நீங்கள் தண்ணீர் சோதனைக்குக் கொடுத்தால் முடிவைப் படிக்கும் முன் பட்டியலைப் படியுங்கள், உங்கள் வட்டாரத்து மண்ணில் என்ன வரும் என்று விசாரித்து அது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வங்கதேசத்தில் குழாய் இறக்கும் கொத்தனார்கள் பழைய முறையில் வேலை செய்வார்கள். சிலர் மூங்கில் சாரத்தில் நெம்புகோல் கட்டிக் குழாயை ஏற்றி இறக்க, ஒருவர் மேலே உட்கார்ந்து குழாயின் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் வால்வு போலச் செய்வார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் சேறும் மணலும் அவர் கைவழியாகப் பீறிட்டு வரும். கறுப்பு, சாம்பல் மணல் வரும் அடுக்கில் ஆர்சனிக் அதிகம், சிவந்த மணலும் வெளிர் மணலும் வரும் அடுக்கில் குறைவு என்று மத்லப் பகுதியில் ஆய்வாளர்கள் அந்தக் கொத்தனார்களோடு சேர்ந்தே அளந்து கண்டுபிடித்தார்கள். நிறங்களைப் பிரித்துச் சொன்னது கொத்தனார்கள், அளந்தது ஆய்வகம், இரண்டும் பொருந்தின. சிவந்த மணல் வரும் வரை இறக்கிவிட்டு அங்கே வடிகுழாயை வைத்தால் நல்ல தண்ணீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். போட்ட பிறகு ஒரு முறை சோதித்தும் விட வேண்டும், அந்தச் சோதனையில் ஆர்சனிக் இருக்க வேண்டும்.